பால் திரியாத வீதி

எங்க வீதியில பால் முதல்ல திரிஞ்சது என்ற அடுப்புலதான், அதனால இந்தக் கதையைச் சொல்ற பாத்தியதை எனக்குத்தான் இருக்குது. முக்குல நின்னுக்கிட்டு ஆளாளுக்கு அளக்கறதை நீங்க காதுல வாங்காதீங்க. சித்திரை வெயில், லேத்துப் பட்டறைக்காரங்க காலை டீக்கு வெளிய வர்ற நேரம், பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்து கம்ப்யூட்டர் ஆபீஸ் வச்சிருந்த பிள்ளைங்க ஜன்னல் வழியா, "போச்சு, பில்டு உடைஞ்சிருச்சு"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு, கேட்ட அதே மூச்சுல என்ற போசியில நுரை கட்டி ஏறி வந்த பால் பொசுக்குனு கீழ இறங்கி, கட்டி தனியா தண்ணி தனியாப் பிரிஞ்சு நின்னுச்சு. பால்காரனை நாலு கேள்வி கேட்கலாம்னு கரண்டியோட வாசலுக்கு வந்தா, எதிர் வீட்டுக்காரி கையிலயும் கரண்டி, டீக்கடை செல்லப்பன் கையில சட்டி, மாரியம்மனுக்கு அபிஷேகம் பண்ணிக்கிட்டிருந்த பூசாரி கையில சொம்பு, அம்மன் தலை மேல வெள்ளை வெள்ளையாக் கட்டி. கறந்த பால், பாக்கெட் பால், எருமைப் பால், பிரிட்ஜுக்குள்ள இருந்த பால், எதுவும் தப்பல.

அதிசயப்பட்டு நிக்க யாருக்கு நேரம் இருந்துச்சு சொல்லுங்க? லேத்துல நின்ன ஆளுங்களுக்கு டீ வேணும், செல்லப்பன் வரக்காப்பி போட்டுக் குடுத்தான், நாங்க திரிஞ்ச பாலைக் கொட்ட மனசு வராம வெல்லம் போட்டுக் கிண்டி குழந்தைங்களுக்குக் குடுத்தோம், அதுங்க நாளைக்கும் இதே வேணும்னு அழுதுச்சுங்க. நாளைக்கும் திரிஞ்சுது. அதுக்கு அடுத்த வாரமும் திரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் அந்த ஜன்னல்ல இருந்து அதே வார்த்தை வந்துச்சு. செல்லப்பன்தான் அதை முதல்ல பிடிச்சான், டீ ஆத்தறவனுக்குக் காது ரெண்டு கூட.

என்ற வீட்டு மாடியில குடியிருந்த தாரணி அந்த ஆபீஸ்லதான் வேலை பார்த்தா. நல்ல அம்மணி, வாய் அதிகம் பேசாது, பேசுனா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில சூப்பர்வைசர், வாரத்துக்கு ஒருக்கா வருவார். அவளைக் கூப்பிட்டு, பில்டுன்னா என்ன கண்ணு, அது உடைஞ்சா எங்க பால் ஏன் திரியுதுன்னு கேட்டேன். ரெண்டாவது கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியல, முதல் கேள்விக்குச் சொன்னா. கல்யாணச் சமையல் மாதிரிதான் அக்கா, ஒரே சாம்பார் அண்டாவுக்குப் பத்துப் பேர் தனித்தனியா காய் நறுக்கி, புளி கரைச்சு, உப்பு அளந்து கொண்டாந்து கொட்டறாங்க, ஒவ்வொருத்தன் அளவும் அவனவன் கையில சரியாத்தான் இருக்கும், எல்லாம் சேர்ந்தா வாயில வைக்க முடியாம போகலாம், அதனால சேர்க்கும்போதெல்லாம் ஒரு மெஷின் ருசி பார்த்துச் சொல்லும், சரியில்லைன்னா உடைஞ்சிருச்சுன்னு சொல்லுவோம்னா.

சாம்பார்னா பரவால்லயே. அந்தப் பிள்ளைங்க எழுதுனது பச்சைக் குழந்தைங்களுக்கு நரம்புல மருந்து ஏத்தற சின்னப் பம்புக்கு மூளை. எத்தனை சொட்டு, எந்த வேகம், குழந்தை எவ்வளவு எடை, எல்லாம் அந்த மூளைதான் கணக்குப் போட்டுப் பம்புக்குச் சொல்லும். நம்ம ஊர்லதான் மோட்டாரும் பம்பும் செய்யற கை நிறைய இருக்குதே, அப்படி ஒரு கம்பெனி இந்தப் பம்பையும் செஞ்சு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அனுப்புச்சு. அந்த மெஷின் பார்க்கற சோதனைங்க நூத்துக்கணக்குல இருந்தாலும், அதுல ஒரு சோதனை தாரணியே எழுதுனது: குறை மாசத்துல பிறந்து, ஒரு கிலோ கூட இல்லாம கிடக்கற குழந்தைக்கு மருந்து சரியாப் போகுதான்னு பார்க்கறது. ஏன் அதை எழுதுனான்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அவளுக்கு முதல் குழந்தை ஏழாம் மாசமே பிறந்து, ஒரு கையகலத்துக்கு இருந்து, பேர் வைக்கறதுக்குள்ள போயிருச்சு. இப்ப மறுபடியும் உண்டாகி இருந்தா. மசக்கையில வாந்தி எடுத்துக்கிட்டே படி இறங்கி வேலைக்குப் போவா, போகும்போது என்ற வாசல் பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போவா, இதையாவது காப்பாத்திக் குடுன்னு அவ வாய் திறந்து கேட்கல, எனக்குக் கேட்டுச்சு.

வீதி பழகிக்கிச்சு. மனுசன் எதுக்குத்தான் பழகமாட்டான், கரன்ட் போறதுக்குப் பழகல, தண்ணி வராததுக்குப் பழகல? கோயில் முன்னால கூடிப் பேசி, ஆபீஸ் கேட்டுல ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்க விட்டோம், யாராவது தன் வேலையைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போறாங்கன்னா முதல்ல அதைத் தட்டணும், தட்டுனா வீதியே பாலை அடுப்புல இருந்து இறக்கி, இன்னும் வாங்காதவங்க வாங்காம நின்னு, பெரியவங்க சின்னவங்க எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஆபீஸ் ஜன்னலைப் பார்ப்போம், உள்ள இருந்து "சரியாப் போச்சுங்க"ன்னு குரல் வந்தா அடுப்பு எரியும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல சேர்க்கக் கூடாது. மாசக்கணக்குல சேர்த்து வச்சு மொத்தமாக் கொட்டக் கூடாது, தினமும் கொஞ்சமாச் சேர்க்கணும். சேர்க்கறதுக்கு முன்னால அவனவன் மேஜையில அவனவன் ருசி பார்த்துக்கணும். வெள்ளிக்கிழமை பொழுதோட சேர்க்கவே கூடாது, அன்னைக்கு அம்மனுக்குப் பாலாபிஷேகம். இதையெல்லாம் கேட்டு ஆபீஸ் மேனேஜர் லோகநாதன் சிரிச்சார். பெரிய பெரிய கம்பெனியில இதைத்தான் பாடமா நடத்தறாங்க அக்கா, காசு குடுத்துப் படிக்கறாங்கன்னார். நாங்க ஓசியில படிச்சோம், பால்தான் போச்சு.

நிறுத்தியிருக்கலாம். அதோட நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா மனுசனுக்கு ஒரு தப்பு நடந்தா அதுக்கு ஒரு ஆள் வேணும். அதனால வீதி இன்னொண்ணும் முடிவு பண்ணுச்சு: யாரால உடைஞ்சுதோ அவங்க மறுநாள் காத்தால தூக்குப் போசியில பால் எடுத்துக்கிட்டு வீடு வீடா வரணும், ஊத்தணும், அது பொங்கி வர்ற வரைக்கும் வாசல்ல தலை குனிஞ்சு நிக்கணும். முதல்ல விளையாட்டாத்தான் இருந்துச்சு. வாய்யா பால்காரான்னு கேலி பேசுவோம், அவங்களும் சிரிப்பாங்க. போகப் போக சிரிப்பு குறைஞ்சுது. சின்ன வயசுப் பையன் ஒருத்தன் தலை குனிஞ்சு பால் போசியோட வாசல் வாசலா நிக்கறது, எழவு விழுந்த வீட்டுல பால் தெளிக்கப் போற மாதிரி இருக்குதுன்னு பூசாரி சொன்னார். சொன்னதுக்கு அப்புறமும் யாரும் வேண்டாங்கல.

தாரணி மட்டும்தான் மாடிப்படியில நின்னு என்னைக் கேட்டா.

"இதை நிறுத்தச் சொல்லுங்க அக்கா. பால் திரியறது காய்ச்சல் மாதிரி. உள்ள என்னமோ சரியில்லைன்னு உடம்பு சொல்லுது. காய்ச்சல் வந்தவனைப் பிடிச்சு அடிச்சா, அடுத்த தடவை அவன் நெத்தியைத் தொட விடமாட்டான்."

நான் சொல்லிப் பார்த்தேன், யார் கேட்டாங்க. நாலு நாளைக்கு ஒருக்கா பாலைக் கொட்டிக்கிட்டிருக்கற வயித்தெரிச்சல்ல இருந்த வீதி அது.

அந்த ஆபீஸ்ல பூபதின்னு ஒரு பையன், பல்லடத்துக்காரன், கெட்டிக்காரன், ஆனா வேலையில அவசரம். அவன் சேர்க்கும்போதெல்லாம் மத்த சோதனை எல்லாம் தாண்டிப் போகும், தாரணி எழுதுன அந்தக் குறைமாசக் குழந்தைச் சோதனையில போய் இடிச்சு நிக்கும். பூபதிதான் அதிகமா போசி தூக்குனான். ஒரு நாள் காத்தால அவன் எங்க வீதியில பால் ஊத்திக்கிட்டு நிக்கறப்ப, அவனுக்குப் பேசி வச்சிருந்த பொண்ணோட தாய்மாமன் யாரையோ பார்க்க இந்தப் பக்கம் வந்தவர், மாப்பிள்ளையை அந்தக் கோலத்துல பார்த்துட்டார். கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னீங்களேன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனார். சம்பந்தம் அதோட முறிஞ்சுது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதைன்னு செல்லப்பன் சொல்லி வருத்தப்பட்டான். பூபதி காலிப் போசியைக் கழுவி என்ற வாசல்ல கவுத்து வச்சுட்டுப் போனான்.

அந்த வாரமே தாரணிக்கு கை கால் எல்லாம் வீங்கி, டாக்டர் படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாது, கம்ப்யூட்டரைத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டார். அவ லீவு போட்டு மாடியில படுத்தா. அவ படுத்த அன்னைக்கே பூபதி அந்தச் சோதனையைத் தூங்க வச்சுட்டான். அழிக்கல, அதுக்கு அவனுக்கு மனசு வரல, தூங்கத்தான் வச்சான். ரெண்டு எழுத்து தட்டுனா போதுமாம், மெஷின் அந்தச் சோதனையைப் பார்க்காம தாண்டிப் போயிருமாம். லோகநாதனுக்கு அது தெரிஞ்சுது. பம்புக் கம்பெனிக்குக் குடுக்க வேண்டிய நாள் நெருங்கிருச்சு, குடுத்ததுக்கு அப்புறம் எழுப்பிக்கலாம்னு விட்டுட்டார். பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டு போச்சுன்னு நினைச்சுக்குமாம்.

பால் திரியறது நின்னு போச்சு.

ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு, தண்டவாளம் தட்டுற சத்தம் கேட்கும், "சரியாப் போச்சுங்க"ன்னு குரல் வரும், பால் பொங்கும், பால் பொங்கும், பால் பொங்கும். நாங்க குளிர்ந்து போய் ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல் வச்சு ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் குடுத்தோம். பூபதி கை கழுவப் போற மாதிரி எந்திரிச்சுப் பின்பக்கம் போனவன் பொங்கல் தீர்ற வரைக்கும் திரும்பி வரல. வெக்கப்படறான்னு நினைச்சோம்.

தயிர் ஒறையல. முதல்ல குளிர்னு நினைச்சோம், மார்கழி வந்தா ஒறை மோர் லேட்டாத்தானே வேலை செய்யும். போசியைத் துணியில சுத்தி அரிசிப் பானைக்குள்ள வச்சோம், அடுப்போரம் வச்சோம். காத்தால எடுத்துப் பார்த்தா ஊத்துன பால் ஊத்துன மாதிரியே ஆடிக்கிட்டு நின்னுச்சு. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சோம், அப்பவும் வெள்ளையாவே இருந்துச்சு. செல்லப்பன் முதல்ல சந்தோசப்பட்டான், நேத்துப் பால் இன்னைக்கும் நல்லா இருக்குது, முந்தாநாள் பாலும் நல்லா இருக்குதுன்னான், அப்புறம் சந்தோசத்தைக் குறைச்சுக்கிட்டான், ஏன்னா கீழ சிந்துன பால்ல எறும்பு வரல. பூனைக்கு ஒரு தட்டுல ஊத்தி வச்சேன், மோந்து பார்த்துட்டு என்ற மூஞ்சியை ஒருக்கா பார்த்துட்டுப் போயிருச்சு. வீதியில கைக்குழந்தைங்க பாலைக் குடிச்சுட்டு எதுக்களிச்சா கட்டி கட்டியா வரணுமில்லீங்களா, வரல, குடிச்ச மாதிரியே வழிஞ்சுது. குழந்தைங்க நாள் பூரா குடிச்சுதுங்க, குடிச்சுக்கிட்டே இளைச்சுதுங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம், டானிக் எழுதிக் குடுத்தாங்க.

இத்தனை நடந்தும் ஒருத்தி, ஒருத்தன், ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்க்கல. திரிஞ்சாத்தானே அங்க போய்ச் சத்தம் போடுவோம்? பால்தான் திரியலயே.

தை பிறந்த நாலஞ்சு நாள்ல தாரணிக்கு வலி வந்துருச்சு. ஏழு மாசம். என்ற கையைப் பிடிச்சுக்கிட்டு ஆட்டோவுல போகும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தா, முதல் தடவையும் இதே ரோட்டுலதான் போனா. பொம்பளைப் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சாங்க, மூக்குல ஒரு குழாய், கையில ஒரு ஊசி, நெஞ்சுக்கூடு மூச்சுக்கு மூச்சு தாவித் தாவி அடிச்சுது. ஒரு கிலோ இல்ல. மருந்து ஏறிக்கிட்டிருந்த பம்பு பழசு, ஆஸ்பத்திரிக்குப் புதுப் பம்பு வந்திருக்குது, இன்னைக்கு சாயங்காலம் மாத்திருவோம்னு நர்ஸம்மா சொன்னதும் தாரணி முகத்துல அன்னைக்குத்தான் முதல் முதலாச் சிரிப்பைப் பார்த்தேன். எங்க ஆபீஸ் பம்பு அக்கான்னா. சின்னப் பிள்ளைங்களுக்குன்னே பார்த்துப் பார்த்து எழுதுனதுன்னா.

அதே நர்ஸம்மாதான், கையில கிண்ணத்தை வச்சுக்கிட்டு, தாய்ப்பால் எடுத்துக் குழாய்ல குடுக்கறோம், ஜீரணமே ஆகல, உள்ள போனது போன மாதிரியே வெள்ளையாத் திரும்பி வருதுன்னு சொன்னாங்க. நான் வாய் சும்மா இருக்காம, அட எங்க வீதியிலயும் அப்படித்தாம்மா, தயிர் ஒறைஞ்சே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுன்னேன்.

தாரணி என்ற பக்கம் திரும்புனா.

"அக்கா, பால் கடைசியா எப்பத் திரிஞ்சுது?"

நீ லீவு போட்டதுல இருந்து ஒருக்கா கூட இல்ல கண்ணு, உங்க ஆளுங்க கைதேர்ந்துட்டாங்கன்னு பெருமையாச் சொன்னேன்.

"ஒருக்கா கூடவா?" அவ குரல் ரொம்பச் சின்னதாப் போச்சு. "இத்தனை பேர் எழுதி, இத்தனை நாள்ல, ஒருக்கா கூட உடையாம இருக்காது அக்கா. ருசி பார்க்கறதை நிறுத்திட்டாங்க."

லோகநாதனுக்கு அங்கிருந்தே போன் போட்டா. எல்லாம் சரியாத்தான் இருக்குதும்மா, நீ ரெஸ்ட் எடுன்னு அவர் சொன்னது எனக்கே கேட்டுச்சு. டாக்டர்கிட்டக் கெஞ்சுனா, அந்தப் புதுப் பம்பு வேண்டாங்க, பழசே இருக்கட்டுங்கன்னா. அவர் நல்ல மனுசன், தோளைத் தட்டி, பழசு நின்னு நின்னு ஓடுதும்மா, உங்க கையால செஞ்சதை நீங்களே நம்பலைன்னா எப்படின்னு சொல்லிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிட்டார். ஆறு மணிக்குப் பம்பு மாத்துவாங்க. அப்பப் பொழுது உச்சி தாண்டி இருந்துச்சு. தாரணி என்ற முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு, அவங்க தூங்க வச்ச சோதனையைப் போய் எழுப்பச் சொல்லுங்க அக்கா, எழுப்பிப் பார்க்கச் சொல்லுங்க, உடைஞ்சா உடையட்டும்னா. நான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடுனேன்.

வீதிக்கு வந்து நானே தண்டவாளத்தைத் தட்டுனேன். வீதிக்காரங்க பழக்க தோசத்துல அடுப்பை அணைச்சுட்டு வெளிய வந்தாங்க. நடு வீதியில நின்னு எல்லாத்தையும் சொன்னேன், அந்தப் பெட்டியைச் சொன்னேன், பம்பைச் சொன்னேன், ஆறு மணியைச் சொன்னேன். லோகநாதன் கேட்டுக்கு வந்தார். போன்ல சொன்ன மாதிரி நேர்ல அவர் பொய் சொல்லல, அதை நான் ஒத்துக்கணும். எழுப்புனா உடையும்னு எனக்கும் பயமா இருக்குதுங்க அக்கா, உடைஞ்சா அந்தப் பம்பு போயிருக்கற அத்தனை ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணி நிறுத்தச் சொல்லணும், அதோட இந்த ஆபீஸுக்குப் பூட்டு, இத்தனை பேர் சோறுன்னு கையைப் பிசைஞ்சார். பூபதி பின்னால சுவத்துல சாஞ்சு நின்னான், மூணு மாசத்துல ஆறு வருசம் வயசான மாதிரி இருந்தான்.

எதிர் வீட்டுக்காரி மருமக, இடுப்புல கைக்குழந்தையோட நின்னவ, மெதுவாக் கேட்டா: "இத்தனை நாள் திரியாம இருந்ததெல்லாம் மொத்தமாத் திரியுமா? திரியறது அடுப்புல இருக்கற பால் மட்டும்தானா அக்கா?"

வீதியில பால் குடுக்கற தாயிங்க அஞ்சாறு பேர் இருந்தாங்க, எல்லாரும் முந்தானையை இழுத்து மூடிக்கிட்டாங்க. கறந்த பால் மடி ஏறாது, நடந்தது நடந்துருச்சு, இனி வர்றதுக்குத்தான் யாராவது வாயைத் திறக்கணும். கேட்ட அதே மருமகதான் இடுப்புப் பிள்ளையை இந்தப் பக்கம் மாத்திக்கிட்டு, பூபதியைப் பார்த்து, போங்க தம்பி, போய் எழுப்புங்கன்னா.

பூபதி யாரையும் கேட்கல. உள்ள போனான்.

ஒரு சத்தமும் இல்ல. முதல்ல செல்லப்பன் கடைப் பாய்லர் பக்கத்துச் சட்டி திரிஞ்சுது, அப்புறம் என்ற போசி, அப்புறம் வீதியில இருக்கற ஒவ்வொரு போசியும் ஒவ்வொரு டம்ளரும், குடிச்சுட்டு வச்ச டீ கிளாஸுக்கு அடியில மிச்சம் இருந்த சொட்டும், பாக்கெட்டுக்குள்ள இருந்தது பாக்கெட்டுக்குள்ளயே கல்லாகி, தேங்காய்ப் பால் திரிஞ்சு, பால் பவுடர் டப்பாவுல பாறையாகி, அம்மன் கோயில் பின்னால எருக்கஞ்செடியைக் கிள்ளுனா வர்ற பால் கூடக் கட்டி தட்டி, தொழுவத்துல கன்னுக்குட்டி மடியை விட்டுட்டுப் பின்னால போய் நின்னு கத்துச்சு, வீதியைத் தாண்டி அடுத்த வீதிக்குப் போச்சு, மேம்பாலத்தைத் தாண்டிப் போச்சு, பால் வண்டிங்க ரோட்டுலயே நின்னுச்சு, எங்க தாயிங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே வாசப்படியில உட்கார்ந்தாங்க. ஜன்னல்ல இருந்து பூபதி குரல் வந்துச்சு, அழுதுக்கிட்டே. உடைஞ்சிருச்சுன்னான். குறைமாசப் பிள்ளைக்குப் பத்து மடங்கு மருந்து போகுதுன்னான்.

லோகநாதன் போனை எடுத்தார். ஒவ்வொரு ஆஸ்பத்திரியா, தாரணி இருந்த ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சு, நிறுத்துங்க, அந்தப் பம்பைத் தொடாதீங்கன்னு ராத்திரி வெகு நேரம் வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார். எங்க நர்ஸம்மா அப்பத்தான் புதுப் பம்பை மாட்டி, சுவிட்ச் மேல விரலை வச்சிருந்தாங்களாம். விரலை எடுத்துட்டாங்க. பிள்ளை பிழைச்சுது.

யார் தப்புன்னு பின்னால பார்த்தாங்க. சேர்ந்து தப்பாப் போனது ரெண்டு பேர் வேலை. ஒண்ணு பூபதி எழுதுனது, ஒண்ணு தாரணி லீவு போடறதுக்கு முந்தின நாள் எழுதுனது. தனித்தனியா ரெண்டும் சுத்தமாச் சரி. சேர்ந்தாத்தான் விசம். தாரணி அதைக் கேட்டுட்டு, தன் கையை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

மத்தத் தாயிங்களுக்கு ரெண்டு நாள்ல பால் ஊறிருச்சு. தாரணிக்கு ஊறல. நெஞ்சு கல்லாகி, காய்ச்சல் வந்து, டாக்டர் கீறி எடுத்தாங்க, அதுக்கப்புறம் ஒரு சொட்டு வரல. அந்தச் சோதனை அவளோடது இல்லீங்களா, அதனால இத்தனை நாள் திரியாம அடியில சேர்ந்ததெல்லாம் அவளுக்கே வந்து சேர்ந்துச்சோ என்னமோ, நான் என்னத்தைக் கண்டேன். வீதியில இருந்த தாயிங்க முறை வச்சுக்கிட்டு கிண்ணத்துல எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க, பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு மடியில போட்டுக் குடுத்தாங்க. எதிர் வீட்டு மருமகதான் அதிகமாக் குடுத்தா.

போசி தூக்கற பழக்கத்தை அன்னைக்கே தலை முழுகுனோம். அதுக்கப்புறம் யாரால உடைஞ்சாலும், திரிஞ்ச பாலைக் கிண்டி முதல் கிண்ணம் அவங்களுக்குத்தான் குடுத்தோம், சொன்னியே ராசா, நல்லா இருன்னு. ஆபீஸுக்குப் பூட்டு விழல, மறைக்காம சொன்னாங்கன்னு பம்புக் கம்பெனி இன்னும் ரெண்டு வேலை குடுத்துச்சு. பூபதி பெங்களூர் போயிட்டான். புதுசு புதுசாப் பிள்ளைங்க வந்தாங்க, அவங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னா, அப்படீங்களா ஆன்ட்டின்னு சிரிப்பாங்க. ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் படுக்கப் போறதுக்கு முன்னால ஒறை ஊத்தி வைப்போம். தயிர் வேணும்கறதுக்காக இல்ல. காத்தால எந்திரிச்சு, மூஞ்சி கழுவறதுக்கு முந்தி, போசியைச் சாச்சுப் பார்ப்போம்.

இன்னைக்குக் காத்தால சாச்சுப் பார்த்தேன். ஆடுச்சு.

வாசலுக்கு வந்தா, வாசல் வாசலுக்கு ஒருத்தி கையில போசியோட நிக்கறா. கடைசியா எப்பத் திரிஞ்சுதுன்னு மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தோம், எண்ணிக்கிட்டே போச்சு. மாடியில இருந்து தாரணி பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு இறங்கி வந்தா, பிள்ளைக்கு இன்னும் வருசம் முடியல, அவ இன்னும் வேலைக்குத் திரும்பல. என்ற போசிக்குள்ள எட்டிப் பார்த்தா. பிள்ளை கையை விட்டு அளாவுச்சு, அவ அந்தக் கையைப் பிடிச்சுத் தன் சேலையில துடைச்சா, துடைச்சுக்கிட்டே இருந்தா.

ஆபீஸ் கேட்டுக்கு எல்லாரும் போனோம். நான் தண்டவாளத்தைத் தட்டுனேன். உள்ள சிரிப்புச் சத்தம், கைதட்டற சத்தம், பலூன் கட்டியிருந்தாங்க. லோகநாதன் வாயெல்லாம் பல்லா வெளிய வந்தார், கையில தட்டு, தட்டுல கேக்கு. இந்தத் தடவை நெசமாவே ஒண்ணும் உடையலைங்க அக்கா, ரெண்டு மாசமா ஒருக்கா கூட இல்ல, பிள்ளைங்க அதுக்குத்தான் கொண்டாடறாங்க, எடுத்துக்கங்கன்னார்.

நான் தட்டை வாங்கிக் கீழ வச்சுட்டு போசியை அவர் கையில குடுத்தேன். சாச்சுப் பாருங்கன்னேன். சாச்சார். பால் அவர் கை மேல வழிஞ்சு, விரல் இடுக்குல இறங்கி, செருப்பு மேல சொட்டுச்சு, உள்ள கைதட்டறது இன்னும் நிக்கல.

தாரணி பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு கேட்டா:

"சார், இந்த ரெண்டு மாசத்துல எழுதுனது எந்தெந்த ஊருக்குப் போயிருக்குது?"